கை மாறிய துப்பாக்கி

புது தில்லி மந்திர் மார்க்கில் என்றைக்குப் போனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. லட்சுமி நாராயண் கோயில் வாசலில் சுற்றுலா பஸ்கள், ஆட்டோக்கள், செருப்பு விட இடம் தேடும் குடும்பங்கள். ஊரார் வாயில் இது பிர்லா மந்திர். தெற்கிலிருந்து தில்லி பார்க்கப் போகும் கோஷ்டிகளின் பட்டியலில் குதுப் மினார், இந்தியா கேட் ஆகியவற்றோடு இந்தக் கோயிலுக்கும் நிச்சயம் ஓர் இடம் உண்டு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இதே சாலையில்தான் இருக்கிறது. தலைநகரில் தமிழ்ப் பிள்ளைகளின் சத்தம் கேட்கும் சில தெருக்களில் இதுவும் ஒன்று.

கோயிலின் பின்புறம் காடு ஆரம்பிக்கிறது. தில்லிவாசிகள் இதை 'ரிட்ஜ்' என்கிறார்கள். ராஜஸ்தானிலிருந்து வரும் ஆரவல்லி மலைத்தொடர் தலைநகரத்துக்குள் நுழைந்து முடிகிற இடம். பாறையும் புதருமான மேடு. தமிழ்நாட்டு ஏரிகளை ஆக்கிரமித்த அதே சீமைக் கருவேலம்தான் இங்கும் ராஜ்யம் நடத்துகிறது. அதற்கு இங்கே விலாயதி கீக்கர் என்று பெயர். கோயிலுக்கு வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. போவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஒரு பெயர்ப் பலகைகூட.

ஆனால் 1948 ஜனவரி மாத முடிவில் இந்தக் காட்டில் ஒரு கைத்துப்பாக்கி சரியாகச் சுடுகிறதா என்று பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. பலர் கை மாறி வந்த பழைய துப்பாக்கி அது. வாங்கி ஓரிரு நாட்களே ஆகியிருந்தன. ஒரு மரத்தைக் குறிவைத்துச் சுட்டார்கள். துப்பாக்கி நன்றாக வேலை செய்தது. 30ஆம் தேதி மாலை 5.17 மணிக்கு அதே துப்பாக்கியிலிருந்து மூன்று தோட்டாக்கள் காந்தியின் உடலில் பாய்ந்தன.

காந்தி கொலையைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. சுட்டவர் யார், அவர் சார்ந்திருந்த அரசியல் எது, பின்னால் இருந்தவர்கள் யார் யார் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. துப்பாக்கியைப் பற்றிய பேச்சு குறைவு. அது எங்கே கிடைத்தது, எப்படி தில்லிக்கு வந்தது என்று கேட்டுக்கொண்டு இந்த நகரத்தைச் சுற்றினால், நின்று யோசிக்க வேண்டிய இடங்கள் சில கிடைக்கின்றன. எல்லாமே இன்றும் புழக்கத்தில் உள்ள இடங்கள்.

முதல் இடம் கன்னாட் பிளேஸ். வெள்ளைத் தூண்கள் வரிசை கட்டிய இந்த வட்டத்தில் அப்போதைய மெரினா ஹோட்டல், பெயரின் பின்பாதியில் பழசைத் தக்கவைத்துக்கொண்டு, இன்றும் ஹோட்டலாகவே இருக்கிறது. 1948 ஜனவரி 17ஆம் தேதி இதன் 40ஆம் எண் அறையில் இருவர் வந்து தங்கினார்கள். பதிவேட்டில் எழுதிய பெயர் தேஷ்பாண்டே. உண்மையில் அவர்கள் பூனாவில் ஒரு மராத்திப் பத்திரிகை நடத்திவந்த நாதுராம் கோட்சேயும் நாராயண் ஆப்தேயும். கூட்டாளிகளில் இருவர் சாந்தினி சௌக் பக்கம் ஷரீஃப் ஹோட்டலில் தங்கினார்கள்.

இவர்களிடம் அப்போது இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. ஒன்று நாதுராமின் தம்பி கோபால் கோட்சே கொண்டுவந்தது. இன்னொன்று பூனாவில் 'சஸ்திர பண்டார்' என்ற பெயரில் ஆயுதக் கடை வைத்திருந்த திகம்பர் பட்கே கொண்டுவந்தது. ஜனவரி 20ஆம் தேதி காலை இவற்றை எடுத்துக்கொண்டு மந்திர் மார்க்கில் உள்ள இந்து மகாசபை பவனுக்குப் பின்னால் இருந்த காட்டுக்குப் போனார்கள். அந்தச் சாலைக்கு அப்போது ரீடிங் ரோடு என்று பெயர்.

அந்தப் பரீட்சை எப்படி முடிந்தது என்பதைப் பின்னர் அப்ரூவராக மாறிய பட்கே நீதிமன்றத்தில் சொன்னார். கோபாலின் ரிவால்வரில் தோட்டா அறை சுழலவில்லை. பட்கேயின் ரிவால்வர் வெடித்தது. ஆனால் குண்டு மரம்வரை போகாமல் நடுவிலேயே விழுந்தது. எண்ணெயும் பேனாக்கத்தியும் கொண்டுவந்து பழுதுபார்க்க உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் வனக் காவலர்கள் வந்துவிட்டார்கள். கோபால் பஞ்சாபியில் ஏதோ பேசிச் சமாளித்தார். காவலர்கள் போய்விட்டார்கள்.

அன்று மாலை பிர்லா மாளிகையின் பின்புறச் சுவரருகே மதன்லால் பாவா வைத்த வெடி வெடித்தது. காந்திக்கு ஒன்றும் நேரவில்லை. துப்பாக்கிகள் வெளியே வரவே இல்லை. பாவா பிடிபட்டார். மற்றவர்கள் தப்பினார்கள்.

அடுத்த பத்து நாட்களை நினைத்தால் இன்றும் கை பிசையத்தான் வேண்டியிருக்கிறது. பாவா போலீசிடம் பேசினார். கூட்டாளிகளில் ஒருவர் பூனாவில் பத்திரிகை நடத்துபவர் என்ற தகவல் கிடைத்தது. மெரினா ஹோட்டலில் சலவைக்குப் போட்டிருந்த துணிகள் போலீஸ் கைக்கு வந்தன. அவற்றில் என்.வி.ஜி. என்ற எழுத்துகள் இருந்தன. நாதுராம் விநாயக் கோட்சே என்பதன் முதலெழுத்துகள். தில்லி போலீஸ் அதிகாரிகள் பம்பாய்க்குப் போனார்கள். ஆனாலும் துணியில் இருந்த எழுத்துகளுக்கு உரியவரை யாரும் போய்ப் பிடிக்கவில்லை. 1966இல் பொறுப்பேற்று 1969இல் அறிக்கை தந்த நீதிபதி ஜே.எல். கபூர் கமிஷன் இந்தத் தவறுகளைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது.

போலீஸ் இப்படித் தடுமாறிக்கொண்டிருந்த நாட்களில் கோட்சேயும் ஆப்தேயும் ஒரே ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்: நம்பிச் சுடக்கூடிய ஒரு துப்பாக்கி. பம்பாயில் தெரிந்தவர்களிடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஜனவரி 27 அன்று பொய்ப் பெயர்களில் விமானம் ஏறி தில்லி வந்தார்கள். அன்றே ரயில் பிடித்து, சுமார் 300 கிலோமீட்டர் தெற்கே உள்ள குவாலியருக்குப் போனார்கள்.

குவாலியர் அப்போது சிந்தியா மன்னரின் சமஸ்தானம். அதை உள்ளடக்கிய மத்திய பாரதம் உருவானது அந்த ஆண்டு மே மாதத்தில்தான். அங்கே இருவரும் போய் நின்ற வீடு தத்தாத்ரேய பர்ச்சூரே என்ற டாக்டருடையது என்பது அரசுத் தரப்பு வழக்கு. 28ஆம் தேதி ஒரு நாட்டுத் துப்பாக்கியைக் காட்டினார்கள், அது பிடிக்கவில்லை, பிறகு வேறொன்று வந்தது என்று வழக்கில் சொல்லப்பட்டது. இரண்டாவதாக வந்தது இத்தாலிய பெரெட்டா. பேசிய விலை 500 ரூபாய், கையில் கொடுத்தது 300 ரூபாய், பாக்கி பிறகு என்பது இந்த வழக்கைப் பற்றிய நூல்கள் தரும் கணக்கு. ரசீது ஏது? உரிமம் ஏது? பழைய சைக்கிள் வாங்குகிறவன்கூட இன்னும் கொஞ்சம் விசாரித்திருப்பான்.

பெரெட்டா 1934 ரகத் துப்பாக்கி இத்தாலிய ராணுவ அதிகாரிகளின் இடுப்பில் இருந்தது. நீளம் 15 சென்டிமீட்டர் அளவு. எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. அடிப்பிடிக்குள் ஏழு தோட்டாக்கள் கொள்ளும். உள்ளே பாகங்கள் குறைவு என்பதால் பழுதாவதும் குறைவு. தோட்டா அறை சுழலாமல் போகும் தொல்லை இதில் கிடையாது. ஒரு தோட்டா போனதும் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். பெரிய துப்பாக்கியை இடுப்பில் கட்டவேண்டும். இதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நடக்கலாம். அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. உலோகத்தில் பொறித்திருந்த எண் 606824.

இத்தாலியில் செய்த துப்பாக்கி குவாலியருக்கு எப்படி வந்தது? ஆப்பிரிக்காவில் இத்தாலியப் படைகள் சரணடைந்தபோது ஓர் அதிகாரியிடமிருந்து பறிமுதலாகி, போர் முடிந்து திரும்பியவர்களோடு வந்தது என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் குவாலியர் படைகளும் வெளிநாடு சென்றன என்பதால் கதை நம்பும்படியாகவே இருக்கிறது. ஆனால் எந்தக் கோர்ட்டிலும் அது நிரூபிக்கப்படவில்லை.

29ஆம் தேதி இருவரும் தில்லி திரும்பினார்கள். இப்போது நிற்கவேண்டிய இடம் பழைய தில்லி ரயில் நிலையம். 1903இல் திறக்கப்பட்ட, கோட்டை மாதிரி கோபுரங்கள் கொண்ட செந்நிறக் கட்டடம். இந்த முறை ஹோட்டல் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். பயணிகள் ஓய்வறையில் ஓர் அறையை விநாயக்ராவ் என்ற பெயரில் எடுத்தார்கள். ரயில் நிலைய ஓய்வறையில் யார் யாரை விசாரிப்பார்கள்? பிரிவினை முடிந்து ஐந்து மாதம். பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளால் தில்லி நிரம்பி வழிந்தது. மூட்டை முடிச்சுகளோடு படுத்துக்கிடந்தவர்களைத் தாண்டித்தான் பிளாட்பாரத்துக்குப் போகவேண்டும். அந்தக் கூட்டத்தில் இரண்டு மராத்திக்காரர்கள் யார் கண்ணிலும் படவில்லை. இன்றும் இந்த நிலையத்தில் ஓய்வறைகள் உண்டு; வாடகை கட்டிவிட்டு, ரயில் வரும்வரை தூங்குகிறார்கள்.

இங்கிருந்துதான் அவர்கள் விஷ்ணு கர்க்கரேயையும் சேர்த்துக்கொண்டு பிர்லா மந்திர் பக்கத்துக் காட்டுக்குப் போனார்கள். ஒன்பது, பத்து நாட்களுக்குமுன் தோல்வி கண்ட அதே மேடு. அன்று ரிவால்வர்கள் காலை வாரியதால் இந்த முறை எச்சரிக்கை அதிகம். குவாலியரில் கொடுத்தவர் வார்த்தையை நம்பாமல் சுட்டே பார்த்தார்கள். இந்த முறை பழுதும் இல்லை, காவலர்களும் வரவில்லை. வெடிச்சத்தம் யார் காதிலாவது விழுந்திருக்கும். விழுந்தாலும் அந்த நாட்களின் தில்லியில் அதற்காக யாரும் தலையைத் திருப்பியிருக்கமாட்டார்கள்.

மரங்களுக்கு இப்பால் தெரிந்திருக்கக்கூடிய கோயிலைப் பற்றியும் ஒரு தகவல் உண்டு. 1933இல் கட்டத் தொடங்கிய இந்தக் கோயிலை 1939இல் திறந்துவைத்தவர் காந்தி. எல்லாச் சாதியினரையும் உள்ளே விடவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. கோயிலைக் கட்டிய பிர்லா குடும்பத்தின் வீட்டில்தான், இரண்டு மூன்று மைல் தள்ளி, அவர் அப்போது தங்கியிருந்தார்.

அந்த வீடு இருக்கும் தெருவுக்கு அன்று அல்புகர்க் ரோடு என்று பெயர். இன்று தீஸ் ஜனவரி மார்க். அதாவது ஜனவரி முப்பது சாலை. ஒரு தேதியையே பெயராகக் கொண்ட தெரு. 1947 செப்டம்பர் 9 முதல் 144 நாட்கள் காந்தி இங்கே இருந்தார். வீட்டை அரசு 1971இல் வாங்கியது. 1973 ஆகஸ்ட் 15 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்தது. அறையிலிருந்து பிரார்த்தனை மேடைவரை அவர் கடைசியாக நடந்த பாதையில் காலடிகளைச் செய்து பதித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் வரிசையாக அந்தக் காலடிகளை எண்ணிக்கொண்டே போகிறார்கள். அது முடியும் இடத்தில் ஒரு தூண்.

20ஆம் தேதி வெடிச் சம்பவத்துக்குப் பிறகு இங்கே போலீஸ் காவலை அதிகப்படுத்தியிருந்தார்கள். பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதித்து உள்ளே விடலாம் என்று அதிகாரிகள் கேட்டார்கள். காந்தி ஒப்பவில்லை. கும்பிட வருகிறவர்களைத் தடவிப் பார்ப்பது பிரார்த்தனை ஆகாது என்பது அவர் நிலை. ஆகவே காக்கி புஷ் ஜாக்கெட் அணிந்து வந்த ஒருவரின் பையில் இருந்த 15 சென்டிமீட்டர் இரும்பு தடையில்லாமல் தோட்டத்துக்குள் நுழைந்தது. சோதித்திருந்தால் அகப்பட்டிருக்குமா என்று கேட்பது எளிது. அதற்கு முன்பே, ஹோட்டலிலும் காட்டிலும் பூனாவிலும் அகப்பட்டிருக்க வாய்ப்பு இருந்தது என்பதுதான் கபூர் கமிஷனின் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றும்.

மூன்று முறை சுட்டதும் கோட்சே அங்கேயே பிடிபட்டார். துப்பாக்கியில் நான்கு தோட்டாக்கள் மிச்சம் இருந்தன. துக்ளக் ரோடு போலீஸ் ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கை உருது மொழியில் எழுதப்பட்டது. துப்பாக்கி அறிவியல் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே மீண்டும் சுட்டுப் பார்க்கப்பட்டது. இந்த முறை அரசாங்கத்தின் கையால். குழலுக்குள் உள்ள வரிப்பள்ளங்கள் ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரு கீறலைப் பதிக்கும். இரண்டு துப்பாக்கிகள் ஒரே கீறலைப் பதிப்பதில்லை. ஆய்வகத்தில் சுட்ட தோட்டாவையும் பிர்லா மாளிகையில் எடுத்த தோட்டாவையும் ஒப்பிட்டார்கள். கொலைக்கருவி எண் 606824தான் என்பதில் சந்தேகம் தீர்ந்தது.

அதற்கு முன்னால் அது யாருடையது என்பதில்தான் தீரவில்லை.

செங்கோட்டைக்குள் அமைந்த தனி நீதிமன்றத்தில் நீதிபதி ஆத்மா சரண் முன் 1948 மே 27ஆம் தேதி வழக்கு தொடங்கியது. அரசுத் தரப்பில் மட்டும் 149 சாட்சிகள். குற்றப்பத்திரிகையில் கொலை, சதி ஆகியவற்றோடு ஒரு சின்னக் குற்றமும் இருந்தது: உரிமம் இல்லாமல் 606824 என்ற எண்ணுள்ள தானியங்கித் துப்பாக்கியைத் தோட்டாக்களுடன் தில்லிக்குக் கொண்டுவந்தது. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டப்படி அது தவறு. தேசப்பிதாவின் கொலை வழக்கில் இந்த ஷரத்து அற்பமாகத் தெரியலாம். ஆனால் குவாலியருக்கும் தில்லிக்கும் நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வி முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

துப்பாக்கி கை மாறியதில் பங்குள்ளவர்கள் என்று போலீஸ் சொன்ன குவாலியர்க்காரர்கள் மூவர்: கங்காதர் தண்டவதே, கங்காதர் ஜாதவ், சூரியதேவ் சர்மா. மூவரும் 'தலைமறைவு' என்றே குற்றப்பத்திரிகை சொன்னது. கூண்டில் நின்ற எட்டுப் பேரில் குவாலியர்க்காரர் பர்ச்சூரே ஒருவர்தான். 1949 பிப்ரவரி 10ஆம் தேதி வந்த தீர்ப்பில் கோட்சேக்கும் ஆப்தேக்கும் தூக்கு. பர்ச்சூரே உட்பட ஐவருக்கு ஆயுள் தண்டனை. சாவர்க்கர் விடுதலை. மேல்முறையீட்டை சிம்லாவில் விசாரித்த கிழக்குப் பஞ்சாப் உயர் நீதிமன்றம் 1949 ஜூனில் பர்ச்சூரேயையும் பட்கேயின் வேலைக்காரர் சங்கர் கிஸ்தய்யாவையும் விடுதலை செய்தது. நவம்பர் 15ஆம் தேதி அம்பாலா சிறையில் இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். அதோடு குவாலியர் விவகாரம் நின்றுபோயிற்று. சுட்டவருக்குத் தண்டனை கிடைத்தது. துப்பாக்கி தந்ததற்காக இறுதியில் தண்டிக்கப்பட்டவர் என்று ஒருவர்கூட இல்லை.

1959இல் வந்த புதிய ஆயுதச் சட்டம் இத்தகைய கைமாற்றுக்குப் பூட்டுப் போட முயல்கிறது. தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் பொறிக்காத துப்பாக்கியை விற்கக்கூடாது. உரிமம் உள்ள ஒருவர் தன் பழைய துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்க விரும்பினால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகில் உள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதித் தெரிவிக்கவேண்டும். அதன்பின் 45 நாட்கள் காத்திருக்கவேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் கேட்பவர் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி பெற்றிருக்கவேண்டும். உரிமங்கள் தேசியத் தரவுத்தளத்தில் தனித்தனி எண்ணோடு ஏறுகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தில்லியில் உரிமம் தரும் அதிகாரம் போலீசிடமே இருக்கிறது.

நாற்பத்தைந்து நாள் என்பது சலிப்பூட்டும் விதி. முறையாக வாங்குகிறவர்கள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். ஆனால் 1948 ஜனவரி 28ஆம் தேதியிலிருந்து நாற்பத்தைந்து நாள் எண்ணிப் பார்த்தால் மார்ச் நடுப்பகுதி வருகிறது. குவாலியரில் அந்த வியாபாரத்துக்கு ஒரே நாள் போதுமானதாக இருந்தது.

விதி இருந்தால் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. பீகாரின் முங்கேரிலும் மத்தியப் பிரதேசத்தின் கர்கோனிலும் திருட்டுத்தனமாகச் செய்யும் துப்பாக்கிகள் தில்லிக்கு வருவது இன்றும் நிற்கவில்லை. நாட்டுத் துப்பாக்கிக்கு இங்கே 'கட்டா' என்று பெயர். கொண்டுவந்தவர்களைப் பிடித்து, துப்பாக்கிகளை மேஜைமேல் வரிசையாக அடுக்கிப் போலீஸ் படம் காட்டுவது தலைநகரப் பத்திரிகைகளில் வாடிக்கையான செய்தி. அந்தத் துப்பாக்கிகளில் எண்ணும் இருப்பதில்லை. படத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் கொண்டுவந்தவர்கள். கொடுத்தனுப்பியவர் அந்தப் படத்தில் அபூர்வமாகத்தான் இருப்பார்.

தில்லிச் சுற்றில் கடைசி இடம் ராஜ்காட். சமாதிக்கு எதிரே தேசிய காந்தி அருங்காட்சியகம். சமாதியில் பூப்போட்டுத் திரும்பும் பயணிகள் நேரம் இருந்தால் இங்கேயும் எட்டிப் பார்க்கிறார்கள். அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. அருகே, அவர்மேல் பாய்ந்த மூன்று தோட்டாக்களில் ஒன்று. சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை. இவ்வளவு சின்னதா என்பதுதான் பார்க்கிறவர்கள் முகத்தில் முதலில் தெரியும் ஆச்சரியம்.

அங்கிருந்து மந்திர் மார்க் வந்தால் மாலை ஆரத்தி நேரம். மணிச்சத்தம் காடுவரை கேட்கிறது. பின்புறச் சரிவில் கீக்கர் மரங்கள் இருட்டிக்கொண்டு நிற்கின்றன. 1948இல் குண்டு வாங்கிய மரம் எது என்று இன்று யாராலும் காட்டமுடியாது. துப்பாக்கியை ஜனவரி 28ஆம் தேதிக்கு முன்னால் வைத்திருந்த கைகளும் அந்த மரத்தைப் போலத்தான்.